வழிகாட்டியின் குரலுக்கு யார் செலவு செய்வது? பார்வையற்றோர் பனிச்சறுக்கும் நினைவு நிதியும்

(திரை: பனியில் இயந்திரம் பதித்த இரண்டு இணைத் தடங்கள். ஒன்றில் பார்வையற்ற வீரர், பக்கத்துத் தடத்தில் ஆரஞ்சு மேலாடை அணிந்த வழிகாட்டி.)

சமவெளிப் பனிச்சறுக்கில் காலில் மாட்டிய ஸ்கி பலகை இந்தத் தடத்துக்குள் உட்கார்ந்துகொள்ளும். நேர்ப்பாதையில் பார்வையற்றவர் தன் வேகத்துக்கே போகலாம். வழிகாட்டிக்கு வேலை வளைவிலும் இறக்கத்திலும்தான். நார்வேயின் பெய்டோஸ்டோலனில் 1964-இல் 'ரிட்டர்ரென்னெட்' பந்தயத்தைத் தொடங்கிய எர்லிங் ஸ்டோர்டால் பார்வையற்றவர். அதன் வழியில் அமெரிக்காவில் 1975-இல் 'ஸ்கி ஃபார் லைட்' என்ற அமைப்பு வந்தது. வீரர் ஒருவருக்கு வழிகாட்டி ஒருவர் என்பதுதான் ஏற்பாடு.

(திரை: இறக்கத்தின் உச்சியில் இருவரும் நிற்கிறார்கள்.)

இறங்கும் முன் கட்டாயம் நிற்க வேண்டும். நீளம், சரிவு, வளைவு, அடியில் என்ன இருக்கிறது என்ற நான்கையும் சொல்ல வேண்டும். "நாற்பது மீட்டர், மிதமான சரிவு, பாதியில் இரண்டு மணித் திசைக்கு வளைவு, கீழே சமதளம்." நேர் எதிரே பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. "அங்கே", "இந்தப் பக்கம்" என்ற சொற்களுக்கு இங்கே இடமே இல்லை.

ஆபத்து என்றால் ஒரே சொல்: "உட்கார்!" காரணம் கேட்காமல் வீரர் அப்படியே பனியில் சரிந்துவிட வேண்டும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குள் ஐந்தரை மீட்டர் கடந்துவிடும்; விளக்கம் சொல்ல அவகாசம் கிடையாது.

மலைச்சரிவில் சறுக்கும்போது காற்றின் இரைச்சலில் குரல் கேட்காது. அதனால் இருவருக்கும் ப்ளூடூத் ஹெட்செட். ஓரளவு பார்வை உள்ளவர்கள் முன்னே போகும் ஆரஞ்சு மேலாடையைப் பின்தொடர்வார்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால், மாற்று ஹெட்செட்டைச் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்திருப்பது நல்லது. அதைவிட முக்கியம், குரல் நின்றால் வீரரும் நிற்க வேண்டும் என்று மேலேயே பேசி வைத்துக்கொள்வது. புதிய வழிகாட்டிகள் பெரும்பாலும் தவறு செய்வது இங்கேதான்: வழி தெளிவாக இருந்தால் மௌனமாகிவிடுகிறார்கள். "நேராக... நேராக..." என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

(திரை: பயிற்சி வகுப்பு. கண்ணைக் கட்டிக்கொண்டு சறுக்கும் தன்னார்வலர்.)

இதெல்லாம் பயிற்சியில்தான் வரும். கண்ணைக் கட்டிக்கொண்டு இன்னொருவர் குரலை நம்பி இறங்கியவருக்குத்தான், கட்டளை அரை நொடி பிந்தினால் என்ன ஆகும் என்று உடம்பில் உறைக்கும். ஆனால் பயணம், தங்குமிடம், மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டுக்கான டிக்கெட் எல்லாம் தன்னார்வலரின் சொந்தக் கைக்காசு என்றால், வசதி உள்ளவர்கள் மட்டுமே வழிகாட்டியாக முடியும்.

மறைந்த ஒருவரின் பெயரில் திரட்டும் நினைவு நிதி உதவ வேண்டிய இடம் இதுதான். நிரந்தர நிதியாக வைத்தால் மூலதனத்தைத் தொடாமல், ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு பங்கு போல எடுத்துச் செலவழிப்பது வழக்கம். ஒரு லட்சத்துக்கு நாலாயிரம்தான் வரும். தொகை சிறியதென்றால் நான்கைந்து ஆண்டுகளில் முழுவதையும் செலவழித்து, இப்போதே வழிகாட்டிகளை உருவாக்குவது மேல் என்பது எங்கள் கருத்து.

இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. பில் கொடுத்த பிறகு பணம் தருவதாக வைக்காதீர்கள். முன்பணம் போட முடியாதவர் விண்ணப்பிக்கவே மாட்டார். பத்திரத்தில் ஒரே ஒரு மலையின் பெயரையோ ஒரே முகாமின் பெயரையோ எழுதிவிடாதீர்கள். அது மூடப்பட்டால் பணம் முடங்கிவிடும். "அது இயலாதபோது, பார்வையற்ற பனிச்சறுக்கு வீரர்களின் வழிகாட்டிகளுக்கு வேறெங்கும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.