ஒரே புழுதி, வேறு வேறு நுரையீரல்

[காட்சி: வெள்ளைப் புழுதி மூடிய தெரு, அதில் பாதி புதைந்த தீயணைப்பு வண்டி]

2001 செப்டம்பர் 11. நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் சரிந்த அன்று, அந்த நகரத்துத் தீயணைப்புத் துறை 343 பேரை இழந்தது. மிச்சமிருந்தவர்கள் மாதக்கணக்கில் இடிபாடுகளைத் தோண்டினார்கள். அவர்கள் மூச்சோடு உள்ளே போன புழுதியைப் பற்றித்தான் இந்த வீடியோ.

நொறுங்கிய கான்கிரீட், ஜிப்சம், கண்ணாடி இழை, கொஞ்சம் ஆஸ்பெஸ்டாஸ். இதுதான் அந்தப் புழுதி. சிமென்ட் குழைத்துக் குழைத்துக் கொத்தனாரின் விரல் இடுக்கெல்லாம் வெந்துபோயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே காரத்தன்மை இதிலும் உண்டு. கைத்தோலுக்கே அந்தக் கதி என்றால் மூச்சுக்குழாய் என்ன ஆகும்? விடாமல் வந்த இருமலுக்கு 'உலக வர்த்தக மைய இருமல்' என்று டாக்டர்கள் பெயரே வைத்துவிட்டார்கள்.

[காட்சி: ஸ்பைரோமீட்டர் குழாயில் ஊதும் வீரர்]

மூச்சை நன்றாக இழுத்து, குழாயைக் கவ்வி, ஒரே மூச்சில் முழு வேகத்தோடு ஊத வேண்டும். முதல் விநாடியில் எவ்வளவு காற்று வெளியே வந்தது என்பதுதான் கணக்கு. 1997 முதலே இந்தத் துறை தன் வீரர்களை இப்படி ஊதவைத்துக் குறித்து வந்தது. அன்றைக்கு அலுப்பான வேலையாக இருந்திருக்கும். ஆனால் அந்தக் குறிப்புகள் இல்லையென்றால் புழுதியின் பாதிப்பை அளந்த ஆராய்ச்சியே கிடையாது.

வயதாக ஆக அந்த அளவு ஆண்டுக்கு ஏறக்குறைய 30 மி.லி. குறைவது இயல்பு. புகைபிடிக்காத வீரர்களுக்கே, புழுதிக்குப் பிந்தைய ஒரே ஆண்டில் சராசரியாக 439 மி.லி. குறைந்தது. அடுத்த ஆறேழு ஆண்டுகளிலும் பெரிதாக மீளவில்லை.

சரி, இது சராசரி. ஒரே குழியில் தோண்டிய இருவரில் ஒருவர் தப்பித்தார், இன்னொருவருக்கு மாடிப்படி ஏறவே முடியவில்லை. ஏன்?

[காட்சி: உறைபெட்டியில் வரிசையாகச் சீரம் குப்பிகள்]

சம்பவம் நடந்து சுமார் ஆறு மாதத்துக்குள் எடுத்த இரத்தத்தின் சீரத்தை, அதாவது செல்கள் போக மிஞ்சும் தெளிந்த நீரை, உறையவைத்துப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். ஆண்டுகள் கழித்து, யாருக்கு மூச்சு குறைந்தது என்று தெரிந்த பிறகு, அந்தக் குப்பிகளை எடுத்துப் பார்த்தார்கள். நுரையீரலில் தூசியை விழுங்கும் காவல் செல்களுக்கு மேக்ரோஃபேஜ் என்று பெயர். அவற்றோடு தொடர்புடைய எம்டிசி, ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற இரு சமிக்ஞைப் புரதங்கள் அதிகமாக இருந்தவர்களுக்கு, பின்னாளில் மூச்சுக்குழாய் அடைப்பு வரும் வாய்ப்பு இரண்டரை, மூன்று மடங்கு கூடுதல்.

எனக்கு வியப்பாக இருந்தது அடுத்த முடிவுதான். டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு கூடுதல், நல்ல கொழுப்பு குறைவு, கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் ஹார்மோன் கூடுதல். நுரையீரல் டாக்டர் எழுதித் தரும் சோதனைகளா இவை? வயிற்றுச் சதைக்கும் சர்க்கரைக்கும் பார்க்கிறவை! ஆனால் அவையும் நுரையீரல் பாதிப்பை முன்கூட்டியே காட்டின. புழுதி மூட்டிய அழற்சிக்குக் கொழுப்பு எண்ணெய் வார்க்கிறது என்பது ஆய்வாளர்களின் ஊகம். அதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: எம்எம்பி-2, டிம்ப்-1 என்ற வேறு இரு புரதங்கள் அதிகம் இருந்தவர்களின் நுரையீரல் தேறும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது.

இவை வாய்ப்புக் கணக்குகள்தான். ஒருவரின் ரிப்போர்ட்டை வைத்து ஜாதகம் எழுத முடியாது.

அப்புறம், நுரையீரலைத் தொட்ட புழுதியைத் திரும்ப எடுக்க வழியில்லை. கொழுப்பையும் எடையையும் குறைக்க வழியுண்டு. அதனால் நியூயார்க் ஆய்வுக் குழு, நுரையீரல் பாதித்த, எடை கூடிய வீரர்களுக்குக் கலோரி குறைந்த மத்தியதரைக் கடல் உணவுமுறையைக் கொடுத்துப் பரிசோதனையில் இறங்கியது.

[காட்சி: தீயணைப்பு நிலையச் சமையலறை, தட்டில் மீன், கீரை, ஆலிவ் எண்ணெய்]