சிகாகோவில் ஒரு டாக்காக்காரர்

நேயர்களுக்கு வணக்கம்.

பக்கத்தில் ஒரு தாள் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நோட்டில் கிழித்த தாள் போதும். அதை மேசைமேல் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். நிற்காது, மடங்கி விழும். அதையே சுருட்டி, ஓரத்தை ஒட்டி, குழாயாக நிறுத்துங்கள். இப்போது நிற்கும். தலையில் ஒரு புத்தகத்தை வைத்தாலும் நிற்கும். தாள் அதேதான், எடையும் அதேதான். உள்ளதெல்லாம் வெளிச்சுற்றுக்குப் போய்விட்டது, அவ்வளவுதான்.

30 ஆண்டுகள் கட்டமைப்புப் பொறியியல் பாடம் நடத்தியவன் நான். ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் இதைச் செய்து காட்டிவிட்டு, சிகாகோவில் வானளாவிய கட்டடங்களை எழுப்பிய பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கானின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவேன். ஒரு முறை முன்வரிசையில் இருந்த மாணவி கேட்டாள்: "சார், இவ்வளவு உயரமா கட்டினவருக்கு வீடு, சொந்தபந்தம்னு இருக்க நேரம் இருந்துச்சா?" எனக்குப் பதில் தெரியவில்லை. கட்டடங்களைப் பற்றி நிறையப் படித்திருந்தேன், கட்டியவரைப் பற்றிப் படித்ததில்லை. அன்று முதல் தேடித் தேடிப் படித்ததைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

கான் பிறந்தது 1929ல், அன்றைய வங்காளத்தில். அப்பா கணித ஆசிரியர். டாக்காவில் பொறியியல் முடித்துவிட்டு, 1952ல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா போனார். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மூன்றே ஆண்டுகளில் இரண்டு முதுகலைப் பட்டங்கள், ஒரு முனைவர் பட்டம். 1955ல் சிகாகோவில் ஸ்கிட்மோர் ஓவிங்ஸ் அண்ட் மெரில் என்ற கட்டட வடிவமைப்பு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1957ல் நாடு திரும்பினார். ஆனால் 1960ல் மறுபடியும் சிகாகோவுக்கே வந்துவிட்டார். இந்தப் போக்குவரத்தை நான் ஒவ்வொரு முறையும் அழுத்திச் சொல்வேன். திரும்பிப் போக நினைத்துப் போனவர் அவர்.

சரி, குழாய்க்கு வருகிறேன். உயரமான கட்டடத்துக்குப் பெரிய எதிரி காற்று. மேலே போகப் போகக் காற்றின் தள்ளல் கூடும், அதைத் தாங்க இரும்பும் கூடிக்கொண்டே போகும், செலவு கைமீறும். கான் என்ன செய்தார் என்றால், தூண்களை வெளிச்சுவர் ஓரமாக நெருக்கி நிறுத்தி, கட்டடம் முழுவதையும் ஒரே குழாயாக்கினார். சுருட்டிய தாளை நினைத்துக்கொள்ளுங்கள். 1931ல் வந்த எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 206 கிலோ இரும்பு பிடித்தது. கான் 1969ல் எழுப்பிய 100 மாடி ஜான் ஹான்காக் கட்டடத்துக்குச் சுமார் 145 கிலோதான். வெளியே பெருக்கல் குறி போட்டது போல இரும்புச் சட்டங்கள் ஏறிப் போகும், படத்தில் பார்த்திருப்பீர்கள்.

அந்தக் கட்டடம் தொடர்பாக ஒரு சம்பவம். எனக்கு மிகவும் பிடித்தது, கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். ஹான்காக்கின் மேல்மாடிகளில் குடும்பங்கள் குடியிருக்கப் போகின்றன. காற்றில் கட்டடம் லேசாக அசையும். கட்டடத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் ராத்திரி கட்டிலில் படுத்திருக்கும் மனிதருக்கு அந்த அசைவு தெரியுமா, வயிற்றைப் பிரட்டுமா? இதற்கு எந்தப் புத்தகத்திலும் கணக்கு இல்லை. சிகாகோவின் அறிவியல், தொழில்துறை அருங்காட்சியகத்தில் துணி துவைக்கும் இயந்திரத்தை விளக்க ஒரு சுழலும் மேடை வைத்திருந்தார்கள். கான் அந்த மேடையில் சிலரை ஏற்றினார். படுக்கச் சொன்னார், உட்காரச் சொன்னார், நிற்கச் சொன்னார். அசைவு எப்போது தெரிகிறது என்று ஒவ்வொருவரையும் கேட்டார். நூறு மாடிக் கணக்குக்கு நடுவே, படுத்திருக்கும் ஒருவரிடம் போய், உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்ட பொறியாளர்! இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் கொஞ்சம் தழுதழுக்கும்.

அப்புறம் சியர்ஸ் கோபுரம். 1973ல் உச்சியைத் தொட்டது, 110 மாடி, 442 மீட்டர். அந்த யோசனை வந்த விதத்தைக் கானின் கூட்டாளியான கட்டடக் கலைஞர் புரூஸ் கிரகாம் சொல்லியிருக்கிறார்: சாப்பிட உட்கார்ந்த இடத்தில் கிரகாம் ஒரு கைப்பிடி சிகரெட்டுகளைச் சேர்த்துப் பிடித்து, ஏற்றஇறக்கமாக நிறுத்தி, இது நடக்குமா என்று கானிடம் கேட்டாராம். நீங்கள் ஒன்பது தாள்களைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். அதுதான் கோபுரம். 50ஆவது மாடியில் இரண்டு குழாய்கள் நின்றுவிடும், 66ல் இன்னும் இரண்டு, 90ல் மூன்று. கடைசி இரண்டும் உச்சிவரை போகும்.

இந்தக் கோபுரம் எழுந்துகொண்டிருந்த நேரத்தில்தான் 1971 மார்ச் 25 வந்தது. அன்று இரவு, அப்போது பாகிஸ்தானின் பகுதியாக இருந்த டாக்காவில், அந்நாட்டு ராணுவம் சொந்த மக்கள்மீது பாய்ந்தது. கான் அப்போது அமெரிக்கக் குடிமகன், பெரிய நிறுவனத்தில் பங்குதாரர், கையில் உலகத்திலேயே உயரமான கட்டடம். ஒரு காசோலை எழுதி அனுப்பிவிட்டு நகர்ந்திருக்கலாம். அவர் நகரவில்லை. சிகாகோவில் இருந்த வங்காளிகளைக் கூட்டி, நிவாரணம் திரட்ட ஒரு அமைப்பு, பாகிஸ்தானுக்குத் தரும் ஆதரவை நிறுத்தும்படி அமெரிக்க அரசை வற்புறுத்த இன்னொரு அமைப்பு என்று இரண்டைத் தொடங்கி நடத்தினார். ஒரு பக்கம் தூண் கணக்கு, மறுபக்கம் அகதிகளுக்குப் போக வேண்டிய உதவியின் கணக்கு. பிறந்த மண் பற்றி எரியும்போது தூரத்தில் இருப்பவர் படும் பாட்டை நம்மில் பலர் அறிவோம், நான் விளக்க வேண்டியதில்லை.

வீட்டைப் பற்றித்தான் அந்த மாணவி முதலில் கேட்டாள். மனைவி ஆஸ்திரியாவிலிருந்து குடியேறியவர். ஆளுக்கொரு நாட்டிலிருந்து வந்த இருவர் மூன்றாவது ஒரு நாட்டில் குடும்பம் நடத்தினார்கள். கான் தாகூர் பாடல்களைப் பாடுவார். மகளும் கட்டமைப்புப் பொறியாளர்தான். அப்பாவின் வேலையை விளக்கி ஒரு பெரிய புத்தகமே எழுதியிருக்கிறார். எந்த வீட்டிலும் பிள்ளைகள் அப்பாவின் தொழிலை வெறுக்கத்தான் நிறையக் காரணம் இருக்கும். இந்த மகள் அதையே விரும்பி எடுத்துக்கொண்டார். என் மாணவிக்கு நான் சொல்லக்கூடிய பதில் இதுவாகத்தான் இருக்கும். தொழில்நுட்பம் தெரிந்தவர் அதற்குள்ளேயே தொலைந்துபோகக் கூடாது, வாழ்க்கை என்றால் கலை, நாடகம், இசை, எல்லாவற்றுக்கும் மேலாக மனிதர்கள் என்று கான் சொன்னது சியர்ஸ் கோபுரத்தில் வைத்த அவர் நினைவுச் சிற்பத்தில் பொறிக்கப்பட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு நிமிடம் என்று கை காட்டுகிறார்கள். ஜித்தாவில் ஹஜ் பயணிகளுக்காக அவர் எழுப்பிய விமான முனையத்தைப் பற்றி நிதானமாகப் பேச எண்ணியிருந்தேன். 210 துணிக் கூடாரங்கள், பக்கச் சுவரே இல்லாமல், பாலைவனத்தில் நிழல் தருபவை. அதற்கு இன்னொரு நாள்தான் வர வேண்டும். அதே ஜித்தாவுக்கு வேலையாகப் போயிருந்தபோதுதான், 1982 மார்ச் 27 அன்று மாரடைப்பில் இறந்தார். 53ஆவது பிறந்த நாளுக்கு ஒரு வாரம் இருந்தது. உடலைச் சிகாகோவுக்குக் கொண்டுவந்து கிரேஸ்லேண்ட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். சிகரெட்டுகளை அடுக்கிக் காட்டிய கிரகாமும் 2010ல் அதே தோட்டத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்.

நன்றி, வணக்கம்.