குமிழிக்குள் இரண்டு அப்பாக்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

படம் முடிந்து விளக்கு போட்டதும் பின்வரிசையிலிருந்து ஒருவர், "ஆம்பளை எப்படிங்க பிள்ளை பெத்துக்க முடியும்?" என்று கேட்டார். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இப்போது பார்த்த 'பயோஸ்பியர்', 2022-இல் டொராண்டோ விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. இயக்குநர் மெல் எஸ்லினுக்கு இதுதான் முதல் முழுநீளப் படம். பில்லியாக மார்க் டுப்லாஸ், ரேயாக ஸ்டெர்லிங் கே. பிரவுன் என்று இரண்டே நடிகர்கள், ஒரே ஒரு குமிழி வீடு. வெளியே உலகம் அழிந்தாயிற்று. உள்ளே வளர்த்த மீன்களில் கடைசிப் பெண்மீன் செத்துப்போகிறது. மிச்சமிருந்த ஆண்மீன் ஒன்று பெண்ணாகிறது. பிறகு பில்லியின் உடம்பும் மாறத் தொடங்குகிறது.

மீன் கதை வெறும் கற்பனை இல்லை. கோமாளி மீன்களில் கூட்டத்திலேயே பெரியது பெண். அடுத்தது அதன் துணையான ஆண். மற்றவை பருவமடையாதவை. பெண் செத்தால் அந்த ஆணே பெண்ணாகும். சின்னவற்றில் பெரியது ஆணாக முதிரும். வண்ணமீன் கடைத் தொட்டி ஒன்றில் இந்த மீன் முட்டை காப்பதை அரைமணி நேரம் நின்று பார்த்திருக்கிறேன். ஓட்டுச் சில்லில் ஆரஞ்சு நிறத்தில் முட்டைகள். விசிறிக்கொண்டே இருந்தது ஆண்மீன். இரண்டு பக்கத் துடுப்பும் ஓயவே இல்லை. நடுநடுவே வாயால் முட்டைகளைத் தடவி, கெட்டதைப் பொறுக்கி எடுத்தது. குஞ்சு பொரிக்கும் வரை, ஒரு வாரத்துக்கும் மேல், இதே வேலை.

படத்தில் என்னை உலுக்கியது பில்லியின் கர்ப்பம் அல்ல, ரேயின் தயக்கம். அவர் விஞ்ஞானி. உடம்பு மாறுவதை அறிவால் உடனே ஏற்றுக்கொள்கிறார். சின்ன வயதிலிருந்து பழகிய நண்பனைத் தொடுவதற்குத்தான் அவருக்கு மனம் வரவில்லை. அந்தக் கூச்சத்தைப் படம் அவசரப்படாமல் காட்டுகிறது.

ஆனாலும் ஒரு மனக்குறை. இரண்டு ஆண்கள் பெற்றோராக, உலகமே அழிய வேண்டியிருக்கிறது! வேறு வழியே இல்லை என்ற பிறகுதான் கதை அவர்களுக்கு அனுமதி தருகிறது. நெதர்லாந்தில் 2001 முதலே இரண்டு ஆண்கள் சேர்ந்து தத்தெடுக்கலாம். ஆய்வகமும் சும்மா இல்லை. ஜப்பானில் கட்சுஹிகோ ஹயாஷியின் குழு ஆண் எலியின் உடல் செல்லிலிருந்தே கருமுட்டை உண்டாக்கியது. 630 கருக்களில் 7 குட்டிகள் பிறந்தன. அது வெளியானது 2023 மார்ச்சில். இந்தப் படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது அதே ஆண்டு ஜூலையில். மனிதரிடம் இது நடக்க வெகுதூரம் இருக்கிறது.

நம் நாட்டில் தடை உடம்பில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. தன்பாலீர்ப்பு கொண்ட ஒருவர் தனியாளாகத் தத்தெடுக்க விண்ணப்பிக்கலாம். துணையோடு சேர்ந்து முடியாது. பிள்ளைக்கு ராத்திரி காய்ச்சல் என்றால் நெற்றியில் ஈரத்துணி போட்டுக் கண்விழிக்கிற இரண்டாவது அப்பாவுக்கு, பெற்றோர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட உரிமை இல்லை. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் இதை மாற்ற மறுத்தது. ஐந்து நீதிபதிகளில் மூவர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம். அந்த இருவரில் ஒருவர் அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட். ஆணும் பெண்ணும் சேர்ந்த இணைதான் நல்ல பெற்றோராக முடியும் என்று சட்டம் முன்கூட்டியே முடிவுகட்டக் கூடாது என்று எழுதியிருக்கிறார். அந்தப் பகுதியை நகலெடுத்து வாசலில் வைத்திருக்கிறேன். போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள்.