17 வருஷப் பழைய பேப்பர் ஒண்ணு இன்டர்நெட்டையே மிரட்டின கதை | இங்கிலாந்து அவதூறுச் சட்டம்

(திரையில்: மஞ்சள் ஏறின செய்தித்தாள். தேதி: 19 செப்டம்பர் 1830)

உங்களைப் பத்தி ஒரு பேப்பர்ல அவதூறா எழுதிட்டாங்க. கேஸ் போட சட்டம் ஆறு வருஷம் டைம் தருது. நீங்க போடல. 17 வருஷம் ஓடிப்போச்சு. இனிமே போட முடியுமா? இங்கிலாந்துல ஒருத்தர் போட்டார், ஜெயிச்சும் காட்டினார். 1849-ல அவருக்குக் கிடைச்ச தீர்ப்பு, 2013-ல சட்டத்தை மாத்துற வரைக்கும் அந்த நாட்டுப் பத்திரிகைகளோட தலைக்கு மேல கத்தியா தொங்குச்சு.

வணக்கம். அவர்கிட்டப் போறதுக்கு முன்னாடி, பின்னணியை ஒரே ஓட்டமா ஓடிடுவோம்.

1605-ல ஸ்டார் சேம்பர்னு ஒரு கோர்ட். எழுதினது உண்மையாவே இருந்தாலும் அவதூறு அவதூறுதான்னு அங்க முடிவாச்சு. 1637-ல வில்லியம் பிரின்ங்கிற வக்கீலுக்கு, முன்னாடி வெட்டினதுபோக மிச்சம் இருந்த காதையும் அறுத்து, ரெண்டு கன்னத்துலயும் எஸ், எல்னு சூடு போட்டாங்க. ஆங்கிலத்துல 'செடிஷியஸ் லைபலர்', அதாவது 'ராஜதுரோக அவதூறுக்காரன்'னு அர்த்தம். 1641-ல அந்தக் கோர்ட்டையே மூடினாங்க. 1792-ல ஃபாக்ஸ்ங்கிற எம்.பி. கொண்டுவந்த சட்டம், 'இது அவதூறா இல்லையா'ன்னு சொல்ற அதிகாரத்தை நீதிபதிகிட்டேர்ந்து எடுத்து ஜூரிக்குக் கொடுத்துச்சு. 1843 சட்டம், கிரிமினல் வழக்குல 'உண்மைதான், பொதுநலனுக்காக எழுதினேன்'னு ரெண்டையும் நிரூபிச்சா விடுதலைன்னு சொல்லுச்சு. இதே ரெட்டை நிபந்தனை நம்ம இந்திய தண்டனைச் சட்டம் 499-லயும் இருந்துச்சு, இப்ப பாரதிய நியாய சன்ஹிதா 356-லயும் இருக்கு.

ஓட்டம் முடிஞ்சது. இப்ப நம்ம ஹீரோ.

(திரையில்: பிரன்ஸ்விக் கோமகன்)

ஜெர்மனியில பிரன்ஸ்விக்னு ஒரு குட்டி நாடு. அதை ஆண்ட இரண்டாம் சார்லஸை 1830 செப்டம்பர்ல மக்களே துரத்திட்டாங்க. அதே மாசம் லண்டன்ல 'வீக்லி டிஸ்பாட்ச்' பத்திரிகை அவரைத் தாக்கி எழுதுச்சு. செஸ் ஆடுறவங்களுக்கு இவரை நல்லாத் தெரியும். 1858-ல பாரிஸ் ஓபரா ஹவுஸ்ல பால் மார்ஃபி, ராணியையே பலி கொடுத்து 17-வது மூவ்ல மேட் வச்ச ஆட்டம் ஞாபகம் இருக்கா? எதிர்ல உக்காந்து தோத்த ரெண்டு பேர்ல இவர் ஒருத்தர். இந்த ஆட்டத்தை மனப்பாடமா சொல்றவங்க கமெண்ட்ல வாங்க, உங்ககிட்டப் பேச ஆசையா இருக்கு.

ஆனா கோர்ட்ல இவர் வச்ச மூவ் இருக்கே, அபாரம்! 17 வருஷம் கழிச்சு, தன் ஆளை அந்தப் பத்திரிகை ஆபீஸுக்கு அனுப்பினார். அந்த ஆள் போய் பழைய இதழை ஒரு காப்பி வாங்கினார். பிரிட்டிஷ் மியூசியத்துலயும் ஒரு காப்பி எடுத்தார். 'பாருங்க, இப்பதான் வெளியிட்டிருக்காங்க'ன்னு கோமகன் கேஸ் போட்டார்.

இதுல சட்ட நுணுக்கம் என்னன்னா, அவதூறுக்கு உயிர்நாடி 'வெளியீடு'. அச்சடிக்கிறது வெளியீடு இல்ல. சம்பந்தப்பட்டவரைத் தவிர இன்னொருத்தர் கைக்கு அது போய்ச் சேர்றதுதான் வெளியீடு. அப்படின்னா ஒவ்வொரு காப்பி கைமாறும்போதும் அது ஒரு புது வெளியீடு, ஆறு வருஷக் கணக்கும் புதுசா ஆரம்பம். வாங்கினவர் வாதியோட சொந்த ஆளாச்சேன்னு பத்திரிகை வாதாடுச்சு. அவரும் மூணாம் மனுஷர்தான்னு கோர்ட் சொல்லிடுச்சு.

பேப்பர் காலத்துல இது பெருசா உறுத்தல. பழைய இதழைத் தேடி யாரு போகப்போறா? இன்டர்நெட் வந்ததும் நிலைமை தலைகீழாச்சு. ஒரு கிளிக்னா ஒரு காப்பி கைமாறின மாதிரி! கேஸ் போடுற கெடுவை 1985-ல மூணு வருஷமா, 1996-ல ஒரே வருஷமா குறைச்சிருந்தாங்க. பத்து வருஷத்துக்கு முந்தின கட்டுரையை இன்னைக்கு ஒருத்தர் திறந்தா கெடுவும் இன்னைக்கேதான் ஆரம்பம்னா, குறைச்சதுல என்ன பிரயோஜனம்? 'தி டைம்ஸ்' மேல ஒரு ரஷ்யத் தொழிலதிபர் போட்ட வழக்குல, 2001-ல அப்பீல் கோர்ட் பழைய விதியையே பிடிச்சுக்கிச்சு. 'இதை உண்மைன்னு எடுத்துக்காதீங்க'ன்னு கட்டுரை மேல ஒரு குறிப்பு ஒட்டினா பொதுவா விஷம் இறங்கிடும்னு யோசனையும் சொல்லுச்சு. ஆனா இங்கிலாந்துல எழுதினது உண்மைன்னு நிரூபிக்கிற பாரம் எழுதினவர் மேல. பல வருஷம் கழிச்சு சாட்சியை எங்க போய்த் தேடுறது? என்னைக் கேட்டா, 1849 விதியை அப்பவே தூக்கியிருக்கணும்.

கடைசியா 2013 அவதூறுச் சட்டம். 'கடுமையான பாதிப்பு' இருந்தாத்தான் வழக்கு. லாபம் பார்க்கிற கம்பெனின்னா கடுமையான பண நஷ்டத்தைக் காட்டணும். கோமகனோட விதியை முடிச்சது 8-வது பிரிவு: முதல் தடவை பொதுவில் வெளியிட்ட நாள்லேர்ந்து ஒரு வருஷம், அவ்வளவுதான். 2014 ஜனவரி 1-லேர்ந்து அமல்.

இங்கதான் பலபேர் தப்பாப் புரிஞ்சுக்கிறாங்க, கொஞ்சம் கவனமா கேளுங்க. இந்தப் பாதுகாப்பு அதே ஆள், ஏறக்குறைய அதே விஷயத்தை, அதே மாதிரி திரும்ப வெளியிட்டா மட்டும்தான். மூலையில கிடந்த கட்டுரையை முகப்புல தூக்கிப் போட்டா, அது புது வெளியீடு ஆகலாம். இன்னொருத்தர் அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எழுதினதை நீங்க காப்பி பண்ணி இன்னைக்குப் போட்டா, அவருக்கான கெடு முடிஞ்சிருக்கும். உங்க ஒரு வருஷம் இன்னைக்குத்தான் ஆரம்பிக்குது.