யாளிக்கும் இருவாச்சிக்கும் ஏற்ற காகிதம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நான் வரைவது மாயக் கற்பனைச் சித்திரங்கள். இறகு முளைத்த யானை, மீன்வால் கொண்ட குதிரை, ஒரே மரத்துக்குள் குடியிருக்கும் ஊர், இப்படி. அவற்றை அச்சிட்டு விற்கிறேன். அந்தக் கற்பனை எங்கிருந்து வருகிறது, எந்தக் காகிதத்தில் ஏறுகிறது என்பதுதான் இன்றைய பேச்சு. "இதெல்லாம் எங்கிருந்துங்க வருது?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்லும் இடம் மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே உள்ள சாளுவன்குப்பம். கடலோரப் பாறை ஒன்றைப் பல்லவர் காலத்துச் சிற்பிகள் குடைந்து, அந்தச் சிறு மாடத்தைச் சுற்றி யாளித் தலைகளை வளையமாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஊரில் புலிக்குகை என்பார்கள். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் மண்டபத்தின் தூண்களிலும் யாளிகள் பாய்ந்து நிற்கின்றன.

யாளி உலகத்தில் இல்லாத மிருகம். ஆனால் அதன் ஒவ்வொரு உறுப்பும் இருக்கிற மிருகத்தின் உறுப்பு. சிங்கத்தின் உடம்பு, சிலவற்றுக்கு யானையின் துதிக்கை. மகரத்தை எடுத்துக்கொண்டால் முதலை வாய், அதிலும் ஒரு துதிக்கை, கொடியாகச் சுருளும் வால். யானையை நாள் கணக்கில் நின்று பார்க்காத ஒருவர் அந்தத் துதிக்கையைக் கல்லில் சுருட்டியிருக்க முடியாது என்பது என் எண்ணம். 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவில் பிற்பாடு சங்கர் வரைந்த படத்தையும் நினைத்துப் பாருங்கள். விக்கிரமாதித்தன் ஒரு கையில் வாளோடு, தோளில் பிணத்தைப் போட்டுக்கொண்டு நடப்பானே, அந்தப் பிணத்துக்குக் கனம் உண்டு. அந்தக் கனம்தான் வேதாளத்தை நம்ப வைக்கிறது.

ஆக, கற்பனைக்கும் சரக்கு வெளியிலிருந்துதான் வர வேண்டும். எனக்கு அது ஆனைமலைக் காடுகளிலிருந்து வருகிறது. அங்கே இருவாச்சி என்றொரு பறவை. பெண் பறவை பெரிய மரத்தின் பொந்துக்குள் போய், வாசலை எச்சத்தாலும் மண்ணாலும் அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம் வைக்கும். ஆண் பறவை வாரக்கணக்கில் பழங்களைக் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்டும். இப்படி ஒன்றை நானாகப் புனைந்து வரைந்திருந்தால், கொஞ்சம் அதிகப்படி என்று சொல்லியிருப்பீர்கள்.

அந்தப் பொந்துக்கு வயதான, பருத்த மரம் வேண்டும். காகிதத்துக்காக அந்த மரங்களை இன்று வெட்டுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. நம் ஊர்க் காகித மரம் பெரும்பாலும் சவுக்கும் யூகலிப்டஸும் சவுண்டலும்தான். ஆனால் நீலகிரியின் புல்வெளிகளில், வரையாடு மேய்ந்த இடங்களில், யூகலிப்டஸையும் சீகை எனப்படும் வாட்டில் மரத்தையும் நட்டு நிரப்பிய கதை இருக்கிறது. அந்த மரங்களில் ஒரு பங்கு கூழ் ஆலைகளுக்கும் போயிற்று. இது தெரிந்த பிறகு, என் படம் எதன்மேல் ஏறுகிறது என்று கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

இப்போது கரும்புச் சக்கை கலந்த காகிதத்தைத்தான் அதிகம் பயன்படுத்துகிறேன். 1979-இல் தமிழக அரசு தொடங்கிய நிறுவனத்தின் ஆலை கரூர் பக்கம் காகிதபுரத்தில் இருக்கிறது. சக்கையிலிருந்து காகிதம் செய்வதற்கென்றே அமைந்த ஆலை அது. மரக்கூழும் சேர்க்கிறார்கள். கணக்கை முழுசாகவே சொல்லிவிடுகிறேன். சர்க்கரை ஆலைகள் அந்தச் சக்கையை எரித்துத்தான் நீராவி எடுத்து வந்தன. சக்கையைக் கொடுத்துவிட்டால் அவர்களுக்கு வேறு எரிபொருள் வேண்டும். நிலக்கரி அந்த வழியாக உள்ளே வருகிறது. இதையும் எண்ணிப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். கையெழுத்திட்டுத் தரும் பெரிய படங்களுக்கு மட்டும் பனியன் துணிக் கழிவில் செய்த கைக்காகிதம். மரத்தில் இருக்கும், காகிதத்தைப் பழுப்பாக்கும் லிக்னின் என்ற பொருள் பருத்தியில் இல்லாததால் சீக்கிரம் பழுப்பேறாது.

மை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சோயா எண்ணெய் மை கேட்டால் கிடைக்கிறது.

எனக்குப் பெரிய போராட்டம் லேமினேஷனோடுதான். எந்த அச்சகத்தில் போய் நின்றாலும் முதல் கேள்வி, "மேட்டா, கிளாஸா?" இரண்டுமே பிளாஸ்டிக் படலம். வெப்பமும் பசையும் சேர்த்துக் காகிதத்தோடு ஒட்டிவிடுவார்கள். அப்புறம் அந்த அட்டையைக் கூழாக்கப் போட்டால் படலம் நார்களை விடாது. நல்ல காகிதம் மொத்தமும் குப்பைக்குப் போகும். படம் பளபளக்க வேண்டும் என்ற ஆசைக்காக இதைச் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. நீரில் கரைத்த வார்னிஷ் பூச்சு போதும். விரல் ரேகை கொஞ்சம் பதியும், கறுப்பு அவ்வளவு ஆழமாக வராது. வரும் அளவுக்கு ஏற்றபடி நான் வண்ணத்தை மாற்றி வரைகிறேன்.

அடுத்தது பொட்டலம். பபிள் கவர் வாங்குவதில்லை. இரண்டு தடிமனான அட்டைகளுக்கு நடுவே படம், மேலே பழுப்புத் தாள் உறை, ஈரம் தொட்டு ஒட்டும் காகித நாடா. "மக்கும் பிளாஸ்டிக்" என்று விற்கும் கவர்களையும் நம்பி வாங்காதீர்கள். அவற்றில் பலவும் மக்குவதற்கு, உரம் செய்யும் ஆலைக்குள் கிடைக்கும் சூடு வேண்டும். நம் வீட்டு உரக்குழியில் அது கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் தாள் உறை தாங்காது. அந்த மாதங்களுக்கென்று, அக்கம்பக்கத்து வீடுகளுக்கு வரும் பார்சல் கவர்களைச் சேர்த்துவைத்து, திருப்பிப் போட்டு அனுப்புகிறேன். வாங்குபவர்கள் யாரும் இதுவரை முகம் சுளித்ததில்லை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வீண் ஒன்று உண்டு. விற்காமல் தங்கிப்போகும் பிரதிகள். ஆஃப்செட் அச்சில் தகடு எடுக்கும் செலவு ஒருமுறைதான். அதனால் 500 பிரதிக்கும் 1000 பிரதிக்கும் விலையில் பெரிய வித்தியாசம் தெரியாது. கூடுதலாக அடிக்கத்தான் கை போகும். பரணில் கட்டுக்கட்டாகக் கிடந்து கரையான் அரிக்கும் காகிதம் கரும்பில் செய்ததாக இருந்தால் என்ன, பருத்தியில் செய்ததாக இருந்தால் என்ன? ஆகவே முன்பதிவு வாங்கிக்கொண்டு, அந்த எண்ணிக்கைக்கு மட்டும், தகடு தேவைப்படாத டிஜிட்டல் அச்சில் அடிக்கிறேன். ஒரு படத்துக்கு விலை கூடுகிறது. அதை விளம்பரத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

இப்போது இருவாச்சியை வைத்து ஒரு புது வரிசை வரைந்துகொண்டிருக்கிறேன். பொந்துக்குள் அடைபட்ட பறவை உள்ளே ஒரு நகரத்தையே கட்டுகிற கதை. பிளாஸ்டிக் படலம் இல்லாமல் அட்டைக்கு நல்ல பாதுகாப்புக் கொடுக்கும் அச்சகம் உங்கள் ஊரில் இருந்தால், வானொலி நிலைய முகவரிக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். தை மாதம் அச்சுக்குக் கொடுப்பதற்குள் நேரில் வந்து பார்த்துவிடுவேன்.

நன்றி, வணக்கம்.