லயத்து வீட்டில் கேட்கப்படும் கேள்விகள்

அன்பு நேயர்களுக்கு வணக்கம். மனச்சோர்வைக் கண்டறிய உலகெங்கும் புழங்கும் பிஎச்க்யூ-9 என்ற வினாப்படிவம் அமெரிக்காவில் உருவாகி 2001-இல் வெளிவந்தது. கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம், பசி, களைப்பு, ஆர்வம் முதலியவை எப்படி இருந்தன என்று அதில் ஒன்பது கேள்விகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 27-இல் 10-ஐத் தொட்டவரை மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. இதை நல்ல தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டால் கேரளத்தின் மூணாறு, பீர்மேடு, வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டங்களில், லயம் எனப்படும் வரிசை வீடுகளில் வாழும் நம் தமிழ் மக்களுக்கு அது பொருந்திவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படிப் பொருந்துவதில்லை.

கொழுந்து மிகுந்த காலத்தில் நாள் முழுவதும் சரிவில் நின்று கிள்ளி, நிறுவைக்கு மூட்டை சுமந்து, இருட்டிய பின் அடுப்பு மூட்டும் பெண்ணிடம் களைப்பைப் பற்றிக் கேட்டால், தினமும் இருக்கிறது என்றுதான் சொல்வார். முதுகுவலியில் தூக்கமும் கெட்டிருக்கும். இரண்டே கேள்விகளில் ஆறு மதிப்பெண் ஏறிவிடுகிறது. உண்மையிலேயே மனம் நொறுங்கிப்போன இன்னொருவரோ நெஞ்சு படபடப்பையும் உடம்பு எரிச்சலையும் மட்டுமே சொல்கிறார். படிவத்தில் அவற்றுக்கு இடமில்லை. ஆகவே, இதே தோட்டங்களில் சிலரிடம் படிவத்தை நிரப்பி, அவர்களையே மனநல மருத்துவர் ஒருவர், அந்த மதிப்பெண்ணைப் பார்க்காமல், தனியே பேசிக் கண்டு, இரண்டையும் ஒப்பிட்ட பிறகே எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் விசாரிப்பது என்ற எல்லைக்கோட்டை முடிவு செய்ய வேண்டும். பிரசவத்துக்குப் பிந்தைய சோர்வுக்காக 1987-இல் வந்த எடின்பரோ படிவத்துக்கும் நாட்டுக்கு நாடு வெவ்வேறு எல்லைகளே பொருத்தமாக அமைந்தன.

முதியோரின் நினைவாற்றல் சோதனையில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. ஹரியானாவின் பல்லப்கர் பகுதியில் எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களுக்காக ஆய்வாளர்கள் இந்தியில் ஒரு சோதனையை வகுத்து 1995-இல் வெளியிட்டார்கள். வழக்கமான சோதனையில் உள்ளபடி ஒரு வாக்கியம் எழுதச் சொல்வதற்குப் பதிலாக வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லச் சொன்னார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பதற்குப் பதிலாகக் கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னார்கள். திறமை அதுவே, அதை அளக்கும் வழிதான் மாறியது. நம் பக்கத்திலும் "பாட்டி, இன்றைக்கு என்ன தேதி?" என்று கேட்டபோது, "சம்பளம் போட்டு நாலு நாளாச்சு" என்று ஒரு மூதாட்டி சரியாகவே சொன்னார். தாளில் உள்ளபடி அது தவறான விடை. அவருடைய காலக்கணக்கில் பிசகே இல்லை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பிஎச்க்யூ-9 படிவத்தின் ஒன்பதாவது கேள்வி, சாவதே மேல் என்ற எண்ணம் வருகிறதா என்பது. ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் லயத்து அறையில், மாமியாரும் பிள்ளைகளும் அருகே இருக்க, அதற்கு 'இல்லை' என்ற பதிலைத் தவிர வேறு எதை எதிர்பார்க்க முடியும்? மலைச்சரிவில் சற்று ஒதுங்கி நின்று கேளுங்கள் என்று களப்பணியாளர்களை வேண்டிக்கொள்கிறேன். அப்படிக் கேட்டு 'ஆம்' என்ற பதில் வந்தால், மதிப்பெண்ணைக் கூட்டி முடிக்கும்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் சேர்த்துவிடுங்கள். 14416 என்ற, அரசு மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண்ணில் தமிழிலும் பேசலாம்.