விடியாத நேரத்து வானொலி

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் என்றாலே பேச்சு டாக்கோ, கிட்டார், எல்லைச் சுவர் என்று போய்விடுகிறது. நான் பேச வந்தது அவர்களுடைய வானொலியைப் பற்றி, அதுவும் விடியற்காலை வானொலி. எழுந்ததும் ரேடியோவைத் திருப்புகிற உங்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

1920களின் கடைசியில் லாஸ் ஏஞ்சலஸ் வானொலியில் எங்கும் ஆங்கிலம்தான். பகலும் மாலையும் நல்ல விலைக்குப் போயின; விடியாத நேரத்தை மட்டும் விளம்பரக்காரர்கள் சீண்டவில்லை. அதுதான் ஸ்பானிஷுக்கு மலிவாகக் கிடைத்தது. ஆனால் பாருங்கள், வயலுக்கும் கட்டட வேலைக்கும் போகிற மெக்சிகோ தொழிலாளி எழுந்து அடுப்பு மூட்டுவதே அப்போதுதான்!

அங்கே வந்து சேர்ந்தார் பெட்ரோ கொன்சாலஸ். மெக்சிகோ புரட்சியில் தளபதி பாஞ்சோ வில்லாவின் படையில் தந்தி அடிக்கும் வேலை பார்த்த ஆள், அப்புறம் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர், நன்றாகப் பாடுவார். காலை 4 மணி முதல் 6 மணி வரை, லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய பர்பேங்க் ஊர் நிலையத்தில் தன் குழுவோடு பாட்டு. பாட்டோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பார். 1930களில் வேலையில்லாத் திண்டாட்டம் வந்ததும் மெக்சிகோ குடும்பங்களை, அமெரிக்காவிலேயே பிறந்த பிள்ளைகளையும் சேர்த்து, ரயிலேற்றி அனுப்பினார்கள் இல்லையா, அதை மைக்கிலேயே கண்டித்தார். 1934இல் அவர்மேல் பாலியல் வன்முறை வழக்கு. புகார் சொன்ன பெண்ணே பிறகு அது பொய் என்று சொல்லியும் விடவில்லை. சான் குவென்டின் சிறை, 1940இல் விடுதலை, கையோடு நாடுகடத்தல். சரி, வாய் அடங்கியதா? எல்லைக்கு அந்தப் பக்கம் டிஹுவானாவில் உட்கார்ந்து மறுபடி மைக்கைப் பிடித்தார், இந்தப் பக்கமும் கேட்டது!

மறுபடி சொல்கிறேன், யாரும் சீண்டாத நேரம் அது. அங்கே தொடங்கிய ஸ்பானிஷ் வானொலி எங்கே போனது பாருங்கள். 1946இல் டெக்சஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோவில் ராவுல் கோர்டெஸ் முழுநேர ஸ்பானிஷ் நிலையமே தொடங்கினார். 1992இல் லாஸ் ஏஞ்சலஸில் ஆங்கில நிலையங்களையெல்லாம் தாண்டி முதலிடத்துக்கு வந்தது ஒரு ஸ்பானிஷ் நிலையம். 2006இல் குடியேறிகளுக்கு எதிராகக் கடுமையான சட்டம் வரப்போகிறது என்றதும், ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டுக்கொண்டிருந்த காலை நிகழ்ச்சிக்காரர்கள் ஒன்றுசேர்ந்து, வெள்ளைச் சட்டையில் வாருங்கள், அமெரிக்கக் கொடியோடு வாருங்கள் என்று கூப்பிட, தெருவில் லட்சக்கணக்கில் ஜனம். ஆங்கில ரேடியோ மட்டும் கேட்டவர்களுக்கு இவ்வளவு கூட்டம் எங்கிருந்து வந்தது என்றே விளங்கவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஜெர்மன்காரர்களின் அக்கார்டியன் என்கிற துருத்தி வாத்தியம் டெக்சஸில் மெக்சிகோக்காரர்கள் கைக்கு வந்த கதையும் வைத்திருந்தேன், அது இன்னொரு நாளைக்கு. வணக்கம்.